காற்று போகும் வழியில் சத்தமும் போகும்: அவுட்ஹவுஸ் ஸ்டுடியோ கேள்வி பதில்

அவுட்ஹவுஸ், ஷெட், பழைய கார் நிறுத்துமிடம் இவற்றை ஒலிப்பதிவு அறையாக மாற்ற நினைப்பவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று சொல்லியிருந்தேன். நிறைய வந்திருக்கின்றன. எனக்குத் தெரிந்தது சுவர், கதவு, கூரை, காற்று. மைக், மென்பொருள் பற்றியெல்லாம் வேறு ஆட்கள் சொல்வதே சரி.

கேள்வி: அண்ணா, செங்கல் அவுட்ஹவுஸ் ஒன்று சும்மா கிடக்கிறது. டிரம்ஸ் வாசிப்பேன், ராத்திரியும் வாசிக்க வேண்டும். எங்கே தொடங்குவது?

பதில்: செங்கல் என்றால் பாதி வேலை முடிந்த மாதிரி தம்பி. 9 அங்குலச் சுவர், இரண்டு பக்கமும் பூச்சு இருந்தால், சுமார் 50 டெசிபெல் தடுக்கும். டிரம்ஸ் 110 டெசிபெல் வரை போகும் என்று வை, சுவருக்கு வெளியே 60 மிஞ்சும். அது இரண்டு பேர் சாதாரணமாகப் பேசும் சத்தம். பகலில் பரவாயில்லை, ராத்திரிக்குப் போதாது.

ஆனால் நீ சுவரைப் பார்ப்பதற்கு முன் கதவைப் பார். 80 சென்டிமீட்டர் அகலக் கதவு, அடியில் 1 சென்டிமீட்டர் இடைவெளி, மொத்தம் 80 சதுர சென்டிமீட்டர். சுவரின் பரப்பு 8 சதுர மீட்டர் என்றால் அது ஆயிரத்தில் ஒரு பங்குதான். அந்த ஒரு பங்கு திறந்திருந்தால் மீதிச் சுவர் கருங்கல்லாகவே இருந்தாலும் மொத்தத்தில் 30 டெசிபெலுக்கு மேல் தடுக்காது. காற்று போகும் இடத்தில் சத்தமும் போகும், இதை இன்றைக்குப் பல முறை எழுதப் போகிறேன். கனமான முழு மரக் கதவு, சுற்றிலும் ரப்பர் பட்டை, கீழே நிலைப்படி. முடிந்தால் நடுவில் சின்ன இடம் விட்டு இரண்டு கதவு.

அடுத்தது கூரை. தகரமோ ஓடோ இருந்தால் சுவரில் நீ தடுத்தது எல்லாம் மேலே போய்விடும். அறைக்குள் அறை கட்டுவதுதான் வழி. உள்சட்டம் தரையில் மட்டும் நிற்க வேண்டும், வெளிச்சுவரை எங்கேயும் தொடக் கூடாது. உள்கூரையின் பாரம் உள்சுவர் மேல்தான் இருக்க வேண்டும், பழைய கூரையிலிருந்து தொங்கவிடாதே. நடுவில் ராக்வூல் (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு), அமுக்கித் திணிக்காமல். அதற்கு மேல் இரண்டு அடுக்கு ஜிப்சம் போர்டு, முதல் அடுக்கின் மூட்டு மேல் இரண்டாம் அடுக்கின் மூட்டு வராதபடி. ஒவ்வொரு மூட்டிலும், இறுகிப் போகாத சீலன்ட் (இடுக்கை அடைக்கும் பசை). பாரம் அதிகம் என்பதால் உள்கூரைச் சட்டத்தின் அளவை ஒரு பொறியாளரிடம் கேட்டு முடிவு செய்.

கேள்வி: சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டினால் போதுமா?

பதில்: போதாது. அட்டைக்குக் கனமே இல்லை, கனம் இல்லாதது சத்தத்தைத் தடுக்காது.

கேள்வி: முட்டை அட்டை வேண்டாம், நல்ல கூம்பு கூம்பான ஃபோம் ஒட்டினால்?

பதில்: ஃபோம் உள்ளே எதிரொலியைக் குறைக்கும். வெளியே போகும் சத்தத்தைத் தடுக்காது. இவை இரண்டும் வேறு வேறு வேலை.

இங்கே ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து படித்துவிட்டுப் போங்கள். 2003-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஒரு இரவு விடுதியில் மேடை வாணத்தின் பொறி சுவர் ஃபோமில் பட்டு 100 பேர் இறந்தார்கள். 2013-இல் பிரேசிலின் சாண்டா மரியா நகரில் அதே மாதிரி, 242 பேர். எரியும் ஃபோமிலிருந்து வரும் புகை நச்சு, சில நிமிடத்தில் ஆளைச் சாய்த்துவிடும். ஒரே கதவு உள்ள மூடிய அறையில் தீத்தடுப்புச் சான்று இல்லாத ஃபோமை ஒட்டாதீர்கள். ராக்வூலைத் துணி போர்த்திச் சட்டத்தில் மாட்டுங்கள், அது எரியாது.

கேள்வி: சார், உள்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் நடுவில் இன்னொரு போர்டு நிறுத்தினால் இன்னும் நன்றாகத் தடுக்கும் அல்லவா?

பதில்: இல்லை, தாழ்ந்த சுருதி ஒலியில் மோசமாகும். இரண்டு சுவரும் நடுவில் காற்றும் என்றால் அது இரண்டு எடையும் ஒரு ஸ்பிரிங்கும் போல. அந்த ஸ்பிரிங் தானாக ஆடும் ஒரு அதிர்வெண் இருக்கும். அங்கே சுவர் தடுக்காது, அதற்கு மேலே போனால்தான் நன்றாகத் தடுக்கும். அதனால் அந்த எண்ணை எவ்வளவு கீழே தள்ள முடியுமோ அவ்வளவு தள்ள வேண்டும்.

உங்களிடம் 6 அடுக்கு ஜிப்சம் போர்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், ஒரு அடுக்கு சதுர மீட்டருக்கு சுமார் 10 கிலோ, மொத்த இடைவெளி 20 சென்டிமீட்டர். பக்கத்துக்கு மூன்றாக வைத்தால் அந்த எண் சுமார் 35 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 35 அதிர்வு. இரண்டு, இரண்டு, இரண்டு என்று பிரித்து இடைவெளியையும் பாதியாக்கினால் ஒன்றுக்கு இரண்டாக வருகிறது, 42-இல் ஒன்று, 73-இல் ஒன்று. காலால் அடிக்கும் பெரிய டிரம், அதாவது கிக் டிரம், இருக்கும் இடமே அதுதான். அதே பொருள், அதே உழைப்பு.

கேள்வி (அதே நபர்): என் நண்பர் நடுவில் போர்டு நிறுத்தி மூன்று சுவராகத்தான் போட்டார். அவர் பாடுவது வெளியே கேட்கவே இல்லையே.

பதில்: பாடுவது கேட்காது, நம்புகிறேன். குரல் 73 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது, அங்கே நடுவில் நிற்கும் போர்டு உதவத்தான் செய்யும். அதே அறையில் பேஸ் கிதார் வாசிக்கச் சொல்லி வெளியே நின்று கேளுங்கள். அதன் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ்.

கேள்வி (இன்னொருவர்): அப்படியானால் மூன்று கண்ணாடி ஜன்னலை ஏன் விற்கிறார்கள்?

பதில்: வெப்பத்துக்காக. சத்தத்துக்கு இரண்டு கண்ணாடியே நல்லது, ஒன்று தடிமனாகவும் ஒன்று மெல்லியதாகவும் இருக்கட்டும், இடைவெளி பெரிதாக இருக்கட்டும்.

கேள்வி (நடுவில் போர்டு நிறுத்தலாமா என்று கேட்டவர்): என் ஷெட்டில் வெளிப்பலகைக்கு உள்பக்கம் ஏற்கெனவே பிளைவுட் அடித்திருக்கிறது, நடுவில் காலி. அதையும் பிரிக்க வேண்டுமா?

பதில்: ஆமாம், பிரித்துவிடுங்கள். நீங்கள் உள்ளே புதுச் சுவர் எழுப்பினால் அந்தப் பிளைவுட் தானாகவே நடுச் சுவர் ஆகிவிடும். கழற்றிய பலகையை வெட்டி, சட்டங்களுக்கு நடுவே வெளிப்பலகையோடு ஒட்டி, ஓரத்தில் சீலன்ட் போடுங்கள். வெளிச்சுவர் கனமாகும், இடைவெளியும் கூடும். அலுப்பான வேலைதான், ஆனால் செய்தால் பலன் கண்டிப்பாக உண்டு.

கேள்வி: கண்டென்சர் மைக்கில் எது நல்லது?

பதில்: அது என் துறை இல்லை. அறையில் ஈரம் சேரவிடாதீர்கள் என்று மட்டும் சொல்வேன், அந்த மைக்குக்கு ஆகாது.

கேள்வி: ஸ்பிளிட் ஏசி போட்டால் காற்றுப் பிரச்சினை தீர்ந்ததா?

பதில்: தீராது. அது உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிவிட்டுக் குளிர வைக்கிறது. 30 கன மீட்டர் அறையை இறுக்கி மூடி மூன்று பேர் உட்கார்ந்தால், ஒரு மணி நேரத்தில் கரியமில வாயு 400 பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சம் பங்கு காற்றில் 400 பங்கு) சுமார் 2,400-க்கு ஏறும். தலை பாரம், கொட்டாவி, சுருதி கவனிக்க முடியாது. வெளிக்காற்று வந்து போக, சுவரின் கனத்துக்கு ஈடாகப் பெட்டி செய்து, உள்ளே வளைந்து வளைந்து போகும் வழி வைத்து, பக்கங்களில் ராக்வூல் ஒட்டுங்கள். காற்று வர ஒன்று, போக ஒன்று. வழி அகலமாக இருந்தால் காற்று மெதுவாகப் போகும், மைக்கில் உஸ் என்று விழாது.

கேள்வி: ஃபோம் எத்தனை அங்குலம் ஒட்டினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது?

பதில்: எத்தனை அங்குலம் ஒட்டினாலும் கேட்கும். மேலே எழுதிவிட்டேன், படியுங்கள்.

கேள்வி: நீளம், அகலம், உயரம் மூன்றும் 3 மீட்டர். சரியா?

பதில்: மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். மூன்று திசையிலும் 57 ஹெர்ட்ஸ் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவியும், ஒரு சுரம் மட்டும் குமுறும். முடியாது என்றால் மூலைகளில் தரையிலிருந்து கூரை வரை தடிமனான ராக்வூல்.

கேள்வி: கனமான திரை போட்டால்...

பதில்: திரை, கம்பளம், ஃபோம், முட்டை அட்டை எல்லாவற்றுக்கும் ஒரே பதில். மேலே இருக்கிறது.

கேள்வி: எல்லாம் முடித்துவிட்டேன், ஆனாலும் எங்கிருந்தோ கசிகிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: எனக்கும் இதே நடந்தது. முதலில் ராத்திரியில் உள்ளே விளக்கைப் போட்டு வெளியே இருட்டில் சுற்றி வந்தேன், வெளிச்சம் தெரிந்த இடத்தையெல்லாம் அடைத்தேன். அப்புறமும் கசிந்தது. உள்ளே வானொலியை இரண்டு நிலையத்துக்கு நடுவில் வைத்து இரைய விட்டு, தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயில் ஒரு முழம் வெட்டி, ஒரு நுனியைக் காதில் வைத்து மறு நுனியைச் சுவரில் ஒவ்வொரு சாணாக நகர்த்தினேன். மின்பெட்டிக்குப் பின்னால் வந்ததும் இரைச்சல் திடீரென்று காதுக்குள் பாய்ந்தது. ஒயர் போன துளை, விரல் பருமன்தான், அதைச் சுற்றி அடைக்க மறந்திருந்தேன். மெயினை அணைத்துவிட்டு, ஒயரைச் சுற்றி சீலன்ட் வைத்து மூடினேன். உங்கள் அறையிலும் முதலில் ஒயர், குழாய், ஏசி பைப் சுவரைத் துளைக்கும் இடங்களில் அந்தத் தோட்டக் குழாயை வைத்துப் பாருங்கள்.