பட்டறைக்காரர் பதில்கள்

மன்னார்குடிப் பக்கம் வேளாண் கருவிப் பட்டறை நடத்தும் நம் பத்தியாளர், புதுப்பொருள் யோசனை பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.

ஐயா, மகளிர் குழுவாக ஏழு பேர் சேர்ந்து மாப்பிள்ளைச் சம்பா அவலும் கஞ்சி மாவும் விற்கிறோம். புதிதாக ஒன்று கொண்டுவர நினைத்து, சனிக்கிழமைதோறும் உட்கார்ந்து யோசிக்கிறோம். இரண்டு பேர்தான் பேசுகிறார்கள். மூன்று மாதமாகியும் உருப்படியாக எதுவும் வரவில்லை. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, திருத்துறைப்பூண்டி

அம்மா, கூடி உட்கார்ந்து யோசனைகளைக் கொட்டும் முறையைப் பரப்பியவர் அலெக்ஸ் ஆஸ்பார்ன் என்கிற அமெரிக்க விளம்பரக்காரர். 1953-ல் இதற்கென்று புத்தகமே எழுதினார். யார் என்ன சொன்னாலும் உடனே குறை சொல்லக்கூடாது, எண்ணிக்கை கூடட்டும் என்பது அவர் விதி. அது நல்ல விதிதான். ஆனால் 1958-ல் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது வேறு விதமாகத் தெரிந்தது. நான்கு பேர் கூடி யோசித்ததைவிட, நான்கு பேர் தனித்தனியே யோசித்ததைச் சேர்த்துப் பார்த்தால் யோசனைகள் அதிகம் இருந்தன.

அதனால் வெள்ளிக்கிழமை இரவே ஏழு பேரும் தனியாக எழுதி வையுங்கள். எழுத வராதவர்கள் வீட்டுப் பிள்ளையிடம் சொல்லி எழுதி வாங்கட்டும். மறுநாள் பெயர் போடாத சீட்டுகளைக் கலந்து ஒருவர் படிக்கட்டும். பேசாத ஐந்து பேர் மனதில் இருந்தது அப்போது வெளியே வரும்.

அப்புறம், சீட்டில் யோசனையை எழுதாதீர்கள், வாங்குகிறவர்கள் படும் சிரமத்தை எழுதுங்கள். இதை நான் வயலில்தான் கற்றேன். ஒற்றை நாற்று நடவு இந்தப் பக்கம் பரவிய காலத்தில் கோனோவீடர் செய்து கொடுத்தேன். வரிசைக்கு நடுவே தள்ளிக்கொண்டு போனால் களையைச் சேற்றில் அமுக்கும் கருவி அது. நன்றாக ஓடுகிறது என்று எல்லாரும் சொன்னார்கள். ஆனால் இரண்டாம் முறை யாரும் வாங்கவில்லை. பட்டறையில் உட்கார்ந்து கைப்பிடியை மாற்றினேன், பெயின்ட்டை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை.

சரி என்று மூன்று நாள் வரப்பில் போய் உட்கார்ந்தேன். களை எடுத்த அக்காக்களில் ஒருவர் இடுப்பில் மூங்கில் சிம்பு ஒன்றைச் செருகியிருந்தார். முதல் நாள் அதை நான் கவனிக்கவே இல்லை. எங்கள் ஊர்க் களிமண், கருவியின் உருளைப் பல்லுக்கு நடுவே அப்பிக்கொள்ளும். பத்தடிக்கு ஒருமுறை அவர் நிற்பார், குனிவார், சிம்பால் சுரண்டுவார், மறுபடி தள்ளுவார். கேட்டால் "மண்ணு அப்படித்தானே தம்பி" என்றார். அவர் அதைக் குறையாகவே நினைக்கவில்லை. அந்தச் சிம்பு செய்த வேலையைச் செய்ய, உருளைக்குப் பின்னால் ஒரு சிறு தகட்டை வெல்டிங் வைத்தேன். அடுத்த சம்பாவுக்கு வாங்கியவர்களே இன்னொன்று கேட்டு வந்தார்கள். அந்த யோசனை என்னுடையதல்ல, அந்த அக்காவுடையது என்று இன்றும் சொல்வேன். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எரிக் வான் ஹிப்பல் என்கிற பேராசிரியர் 1970-களில் அறிவியல் கருவிகளை ஆராய்ந்து இதையேதான் கண்டார்: முக்கியமான முன்னேற்றங்களில் பெரும்பாலானவற்றை முதலில் செய்தவர்கள் அந்தக் கருவியைப் பயன்படுத்தியவர்களே.

உங்கள் கஞ்சி மாவு வாங்கும் மூன்று வீடுகளுக்குக் காலை ஏழு மணிக்குப் போங்கள். மாவு கட்டி தட்டுகிறதா, எதை வைத்துக் கலக்குகிறார்கள், கூட என்ன சேர்க்கிறார்கள், பள்ளி வேன் வருவதற்குள் பிள்ளை குடித்து முடிக்கிறதா என்று பாருங்கள். பேச்சைக் குறைத்து, அவர்கள் கையைக் கவனியுங்கள்.

புதுச் சத்துமாவு உருண்டையைக் கொடுத்தால் எல்லாரும் அருமை என்கிறார்கள். வாங்க மட்டும் யாரும் வருவதில்லை. ஏன்?
- ஒரு வாசகர், பட்டுக்கோட்டை

சும்மா கொடுத்ததை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பத்துப் பொட்டலம் மட்டும் செய்து, விலை சொல்லி விற்றுப் பாருங்கள். எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்று சோதிப்பது, உறை போடுவது போன்ற வேலைகளுக்குத் தஞ்சாவூரில் நிஃப்டெம் இருக்கிறது. உணவுப் பதப்படுத்தலுக்கென்றே உள்ள மத்திய அரசு நிறுவனம், நேரில் போய்க் கேளுங்கள்.

கல்லூரியில் புதுப்பொருள் போட்டி வைத்திருக்கிறார்கள். வீட்டில் வாழைத் தோட்டம் இருக்கிறது, யோசனைதான் வரவில்லை. எனக்குக் கற்பனையே கிடையாதோ?
- ஒரு மாணவி, திருக்காட்டுப்பள்ளி

இருக்கிறதம்மா. ஒரு தாளில் கட்டம் போடுங்கள். ஒரு பக்கம் தண்டு, பூ, காய், பழம், நார், சருகு. இன்னொரு பக்கம் பச்சையாக, காயவைத்து, அரைத்து, வறுத்து, ஊறவைத்து. மூன்றாவதாக யாருக்கு: தனியாக இருக்கும் பெரியவர், விடுதிப் பிள்ளை, கல்யாணச் சமையல்காரர், மாட்டுக்காரர். ஆறு, ஐந்து, நான்கு. பெருக்கினால் 120 சேர்க்கை. ஃப்ரிட்ஸ் ஸ்விக்கி என்கிற வானியலாளர் கையாண்ட முறை இது. நூற்றுக்கு மேல் அபத்தமாக இருக்கும், அடித்துவிடுங்கள். மிச்சத்தில் ஒன்றைப் பிடியுங்கள். தண்டு, ஊறவைத்து, தனியாக இருக்கும் பெரியவர் என்று வருகிறதா? நார் எடுத்து நறுக்கிய தண்டு அவருக்குப் பெரிய உதவி. நறுக்கினால் கறுக்குமே என்பீர்கள். உங்கள் அம்மா அதை மோர் கலந்த தண்ணீரில்தானே போடுகிறார்? அங்கிருந்து தொடங்கி, எத்தனை மணி நேரம் வெள்ளையாக நிற்கிறது என்று கடிகாரம் வைத்துக் குறித்து வையுங்கள்.

யோசனையை வெளியே சொன்னால் திருடிவிட மாட்டார்களா?
- ஒரு வாசகர், நன்னிலம்

திருடலாம். என் தகட்டை ஒரே சாகுபடிப் பட்டத்துக்குள் இன்னொரு பட்டறையில் பார்த்தேன், அன்றிரவு தூக்கம் வரவில்லை. காப்புரிமை கேட்கும் எண்ணம் இருந்தால், ஊருக்குக் காட்டுவதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். முன்பே வெளியானது புதியதாகக் கருதப்படாது. முதலில் தற்காலிக விவரக்குறிப்பு கொடுத்தால், முழு விவரம் தர 12 மாத அவகாசம் உண்டு. எனக்கு அன்று இது தெரியாது. தெரிந்திருந்தால் விண்ணப்பத்தில் அந்த அக்காவின் பெயரையும் எழுதியிருப்பேன்.