எறும்புக்குக் கண் தெரியுமா?

கேள்வி: சமையல் மேடையில் சாரை சாரையாகப் போகும் சிற்றெறும்புகள், நடுவில் விரலால் துடைத்தால் திணறி நின்றுவிடுகின்றன. மொட்டை மாடியில் தனியாகத் திரியும் பெரிய கறுப்பு எறும்போ இரை கிடைத்ததும் நேரே புற்றுக்குப் போகிறது. அதற்கு மட்டும் கண் தெரியுமா?
– வாசகி, ஜெயநகர், பெங்களூரு

பதில்: கண் இரண்டுக்கும் உண்டு, தரம்தான் வேறு. எறும்பின் கண் பல நுண்கண்கள் சேர்ந்த கூட்டுக்கண். வீட்டுச் சிற்றெறும்புக்கு ஒரு கண்ணில் சில பத்துதான் இருக்கும். அதை வைத்து வழி பார்க்க முடியாது. முன்னே போனவை தரையில் இட்ட வாசனைக் கோட்டை மோந்தபடி நடக்கும். நீங்கள் துடைத்தது அந்தக் கோட்டைத்தான்.

தனியே இரை தேடும் இனங்கள் சிலவற்றுக்கு நுண்கண்கள் ஆயிரத்தை எட்டும். அப்போதும் காட்சி மங்கல்தான். ஆனால் தண்ணீர்த் தொட்டி, கைப்பிடிச் சுவர், மரம் எல்லாம் வானத்தில் வரையும் விளிம்பு தெரிந்தால் அதற்குப் போதும். திசைக்குச் சூரியன். அது கட்டடத்துக்குப் பின்னால் மறைந்தாலும் கவலையில்லை: நீலவானத்தின் ஒளி எந்தத் தளத்தில் அதிர்கிறது என்பது சூரியன் இருக்கும் இடத்தைப் பொறுத்தது; அதை, கண்ணின் மேல்விளிம்பு நுண்கண்கள் புற ஊதாவில் கண்டுகொள்ளும். துனிசியப் பாலைவன எறும்புகள் தூரத்தைக் காலடிக் கணக்கால் அறிகின்றன. 2006இல் வெளியான ஆய்வில், தீனி எடுத்த எறும்புகளின் கால்களில் பன்றி மயிர் ஒட்டி நீளமாக்கினார்கள். அவை புற்றைத் தாண்டிப் போய்த் தேடின. கொஞ்சம் குரூரம்தான், ஆனால் பதில் தெளிவு.

கேள்வி: மாடியில் நாமே சோதிக்கலாமா?
– அதே வாசகி

பதில்: தாராளமாக. புற்றிலிருந்து 3 மீட்டர் தள்ளி பிஸ்கட் துகள் வையுங்கள். எறும்பு அதைக் கவ்வியதும் தம்ளரால் மூடி, அடியில் அட்டையைச் செருகி, 2 மீட்டர் பக்கவாட்டில் விடுங்கள். பழைய திசையிலேயே 3 மீட்டர் போய், புற்றில்லாத இடத்தில் வட்டமடித்தால் வானத்தையும் தன் நடைக்கணக்கையும் நம்புகிறது. நேரே புற்றுக்கே போனால் சுற்றுப்புறக் காட்சியை அடையாளம் வைத்திருக்கிறது. பழகிய மாடியில் இதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

புற்றை நெருங்கிய எறும்பைப் பிடித்தால் சோதனை வீண்: அதன் கணக்கு அதற்குள் தீர்ந்திருக்கும். விரலால் பிடித்தால் இரையைப் போட்டுவிட்டுக் கண்டபடி ஓடும்.

1911இல் எறும்பு ஆய்வாளர் சான்ட்ஷி செய்தது போல, சூரியனை அட்டையால் மறைத்து எதிர்ப்பக்கக் கண்ணாடியால் வெயிலை அடித்தும் பார்க்கலாம். அவருடைய எறும்புகள் பல திரும்பி நடந்தன. காலை எட்டு, ஒன்பது மணிக்குச் செய்யுங்கள். உச்சிவெயிலில் கண்ணாடி உதவாது. திரும்பாத எறும்பு நீலவானத்தையோ தொட்டியையோ பார்த்து நடக்கிறது என்று கொள்ளலாம்.