மணல் சுமந்த நத்தை

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், நாஷ்வில் நகரத்தில் வசிக்கிறேன். இங்கே ஓடைக் கற்களில் நத்தைபோல் சுருண்ட மணல்கூடுகள் ஒட்டியிருக்கின்றன. கேடிஸ் ஈ என்ற பூச்சியின், தண்ணீரில் வாழும் புழு கட்டுபவையாம். 1834இல் ஓர் அறிஞர் இதை நத்தை என்றே எழுதிவிட்டார் என்று படித்து, வீட்டில் எல்லோரும் சிரித்தோம். இதற்குத் தமிழில் என்ன பெயர்? மகளின் பள்ளிக்குச் சில கூடுகளை எடுத்துப்போகலாமா?

க.

அன்புள்ள க.,

பெயர் கிடக்கட்டும். அந்தச் சிரிப்புதான் என்னை உறுத்துகிறது.

யாரைப் பார்த்துச் சிரித்தீர்கள்? ஐசக் லீ பிலடெல்பியாவில் பதிப்பகத் தொழிலில் இருந்துகொண்டே நன்னீர்ச் சிப்பிகளையும் நத்தைகளையும் ஆராய்ந்தவர். உங்கள் ஊர்க் கம்பர்லாந்து ஆற்றில் கிடைத்த கூட்டுக்கு அவர் வைத்த பெயர் வால்வாட்டா அரினிஃபெரா. அரினிஃபெரா என்றால் மணல் சுமப்பது. மணலை அவர் பார்க்காமல் விடவில்லை, கவனியுங்கள். இந்த நத்தை மணலை ஒட்டித் தன் ஓட்டை வலுப்படுத்திக்கொள்கிறது என்று எழுதினார். ஓட்டின்மேல் கல்லையும் சிப்பியையும் ஒட்டிக்கொள்ளும் கடல்நத்தைகள் உண்மையிலேயே இருக்கும்போது, அப்படி நினைத்ததில் என்ன மடமை? நீங்கள் விடையைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கிறீர்கள். ஒரு கூட்டையாவது எடுத்துப் புரட்டிப் பார்த்தீர்களா? உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் உங்கள் மாநிலத்தில் தங்கியிருந்தபோது, அக்காவின் பேத்தி மிளகளவு கூடொன்றை என் உள்ளங்கையில் வைத்தாள். நத்தை என்றேன். அவள் மறுத்துப் பேசவில்லை. கிண்ணத்தில் ஓடைத் தண்ணீரை மொண்டு, கூட்டை அதில் இட்டு, "அசையாமல் இருங்கள் தாத்தா" என்றாள். வெகுநேரம் கழித்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. பிறகு கால்கள், ஆறு. உருப்பெருக்கியை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மணலும் பக்கத்து மணலோடு பொருந்தி உட்கார்ந்திருந்தது. வாயருகே சுரக்கும் பட்டால் ஒட்டிய ஒட்டு அது, தண்ணீருக்குள்ளேயே பிடித்துக்கொள்ளும். அந்தக் கால்கள் வெளியே வரும்வரை லீ சொன்னதைத்தான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஹெலிகோசைக்கி போரியாலிஸ் என்பது இன்றைய அறிவியல் பெயர். தமிழ்ப் பெயரை உங்கள் மகளே வைக்கட்டும்.

கூடுகளை எடுக்கலாம், காலியானவற்றை மட்டும். கல்லோடு ஒட்டி, வாயில் பட்டு மூடி போட்டிருந்தால் பெயர்த்துவிடாதீர்கள். உள்ளே புழு ஈயாக மாறிக்கொண்டிருக்கும். தண்ணீர் போய்வர அந்த மூடியில் மெல்லிய கீறல் ஒன்று விட்டிருக்கும். மகளைக் குனியச் சொல்லி அதைக் காட்டுங்கள்.