ஸ்கேன் செய்த நாவலை டாக்பேக் வாசிக்காமல் பக்க எண்ணோடு நின்றுவிடுவது பற்றி

ஆண்ட்ராய்டு கைபேசியில் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் டாக்பேக்கில் பழுதில்லை, காரைக்குடியில் உங்கள் அப்பத்தாவுக்காக நீங்கள் ஸ்கேன் செய்த நாவலின் ஒவ்வொரு பக்கமும் வெறும் படமாக இருப்பதால்தான் அது பக்க எண்ணை மட்டும் சொல்லி நின்றுவிடுகிறது.

டாக்பேக்கை அணைத்துவிட்டு, ஒரு வரியின்மேல் விரலை அழுத்திப் பாருங்கள். சொல் தேர்வாகாவிட்டால் அது படமேதான். கோப்பைப் பத்துப் பத்துப் பக்கங்களாகப் பிரித்துக் கூகுள் டிரைவில் ஏற்றி, கணினியில் கூகுள் டாக்ஸ் கொண்டு திறந்தால் எழுத்துவடிவம் கிடைக்கும்.

ஆனால், 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூலென்றால், ணை, லை, றா, னா ஆகியவற்றின் பழைய வடிவங்களைக் கூகுள் டாக்ஸ் தவறாகப் படிக்கக்கூடும். துணைக்காலையும் ரகரத்தையும் மாற்றிப் போடுவதும் உண்டு. எங்கள் ஐயா வளவில் தூணோரம் அமர்ந்து கதை கேட்கையில், ஒரு சொல் இடறினாலும் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லிவிடுவார். அதன்பின் கதைக்குள் திரும்ப அவருக்கு வெகுநேரமாகும். ஆகவே முதல் இரண்டு அத்தியாயங்களையாவது வரிவரியாகத் திருத்திய பிறகே கொடுங்கள்.

அதுவரை, தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தர 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் ஒருங்குறி (யூனிகோட்) எழுத்துவடிவ நூல்களை டாக்பேக் நேராகவே வாசிக்கும்.