பழைய மூக்குக்கண்ணாடி: கேளுங்கள், சொல்கிறேன்

இருபது வருடமாகப் பழைய கண்ணாடிகளைச் சேர்க்கிறேன், பழுதும் பார்க்கிறேன். விலை தவிர எதையும் கேட்கலாம். கேட்பவரின் பெயருக்குப் பதில் அவருடைய சிங்கப்பூர் வட்டாரத்தைப் போட்டிருக்கிறேன்.

பிடோக்: தாத்தாவின் ஃபிரேமில் "1/10 12கே ஜிஎஃப்" என்று பொடி எழுத்தில் இருக்கிறது. தங்கமா, அண்ணே?

ஜிஎஃப் என்றால் தங்கம் போர்த்தியது. எடையில் பத்தில் ஒரு பங்கு 12 காரட். 12 காரட் என்றாலே பாதிதான் தங்கம். லென்ஸைக் கழற்றி 20 கிராம் இருந்தால், தங்கம் சுமார் 1 கிராம். ஆனால் வெறும் முலாம் என்று நினைத்துவிடாதீர்கள். அடி உலோகத்தின்மேல் தங்கத் தகட்டைச் சூட்டில் ஒட்டி, அப்புறம் கம்பியாக இழுப்பார்கள். தாத்தா காலத்து ஃபிரேம் இன்னும் மின்னுவது அதனால்தான். காதில் வளையும் இடத்தில் பச்சைக் களிம்பு தெரிந்தால், அங்கே தங்கம் தேய்ந்துவிட்டது. பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள்!

ஈசூன்: கண்ணாடியைக் கண்டுபிடித்தது யார்?

பெயர் பதிவாகவில்லை. 1306-ல் ஃபிளாரன்ஸில் ஜோர்டானோ என்ற பாதிரியார், இந்தக் கலை வந்து இருபது வருடம்கூட ஆகவில்லை என்று பிரசங்கத்தில் சொன்னார். சால்வினோ என்பவரின் பெயர் அடிபடும். அது பின்னால் கட்டிய கதை. காதில் மாட்டும் தண்டு வரவே இன்னும் நானூறு வருடம் ஆனது.

உட்லண்ட்ஸ்: வல்லத்துக் கண்ணாடி கண்ணுக்குக் குளிர்ச்சி என்பார் அப்பத்தா. உண்மையா?

தஞ்சாவூர் பக்கத்து வல்லத்தில் கிடைத்த படிகக் கல்லை இழைத்துச் செய்த லென்ஸ் அது. கல் விரலின் சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும், அதனால் தொட்டால் சில்லென்று இருக்கும். குளிர்ச்சி விரலுக்குத்தான், கண்ணுக்கு இல்லை. புற ஊதாக் கதிரைச் சாதாரணக் கண்ணாடியைவிடப் படிகம் அதிகமாகவே உள்ளே விடும். எளிதில் கீறல் விழாது என்பது மட்டும் நிஜம்.

உட்லண்ட்ஸ்: அப்பத்தா தொண்ணூறு வயது வரை ஊசியில் நூல் கோத்தாரே!

அது அப்பத்தாவின் கண்.

தெம்பனிஸ்: என்னுடையதும் வல்லம்தான். நாக்கில் வைத்துப் பார்த்தேன், ஐஸ் மாதிரி!

நாக்கை விடுங்கள். இரண்டு போலராய்டு கூலிங் கிளாஸைக் குறுக்காக வைத்து இருட்டாக்குங்கள். நடுவே லென்ஸைச் செருகி மெல்லத் திருப்புங்கள். படிகம் என்றால் வெளிச்சம் கசியும். ஓரத்தில் மட்டும் கசிந்தால் அது ஃபிரேம் இறுக்கத்தால்.

தெம்பனிஸ்: இருட்டாகவே இருக்கிறது.

படிகம் இல்லை, சாதாரணக் கண்ணாடிதான்.

ஜூரோங்: செல்லுலாய்டு ஃபிரேம், கற்பூர வாசனை. டிரை பாக்ஸில் பூட்டி வைத்திருக்கிறேன்.

இன்றே வெளியே எடுங்கள். செல்லுலாய்டு என்ற அந்தப் பழைய பிளாஸ்டிக்கில் கற்பூரம் சேர்ப்பது வழக்கம், வாசனைக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் பழசானால் அமில ஆவி விடும். அடைத்து வைத்தால் அந்த ஆவியே ஃபிரேமையும் கீலையும் தின்னும். சாமி விளக்குப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், குப்பென்று பற்றும்.

செங்காங்: ஆமை ஓட்டு ஃபிரேமை ஊரிலிருந்து கொண்டுவரலாமா?

அழுங்காமை என்ற கடலாமையின் ஓடு என்றால் அனுமதி இல்லாமல் கூடாது. தேசியப் பூங்காக் கழகத்தைக் கேளுங்கள்.

பொங்கோல்: தங்கமா என்று தேய்த்துப் பார்க்கலாமா?

பிடோக்குக்குச் சொன்னதைப் படியுங்கள்.

அங் மோ கியோ: சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையில் கிடைக்குமா?

2017 ஜூலையிலேயே மூடியாகிவிட்டது.

பாசிர் ரிஸ்: என் ஃபிரேம் என்ன விலை போகும்? கறுத்திருக்கிறது, பாலிஷ் போட்டால் கூடுமா?

முதல் வரியைப் படியுங்கள். தேய்க்காதீர்கள்.

உட்லண்ட்ஸ்: அண்ணே, அப்பத்தா கண்ணாடியில் வெளிச்சம் வந்துவிட்டது! அப்போது வல்லம்தானே?

படிகம்தான். பிரேசில் கல்லிலும் செய்தார்கள்; எந்த ஊர்க் கல் என்பதை இந்தச் சோதனை காட்டாது. அப்பத்தா வல்லம் என்றால் வல்லம்.