க்ரீமா, ஸ்ப்ரேயா?

கேள்வி: ஆறு வயது மகளுக்கு வெயிலில் விளையாடும் முன் சன்ஸ்கிரீன் தடவுகிறேன். டியூபில் 'டைட்டானியம் டை ஆக்சைடு, நானோ' என்று போட்டிருக்கிறது. அது தோல் வழியாக இரத்தத்தில் கலந்துவிடுமா? அதே மருந்து ஸ்ப்ரேயாகவும் வைத்திருக்கிறேன். நானோ வெள்ளி சேர்த்த காலுறையும் வாங்கினேன், போடலாமா?

பதில்: க்ரீமை நிறுத்த வேண்டாம். ஸ்ப்ரேயை இன்றே ஒதுக்கி வையுங்கள்.

நானோ துகள் 1 முதல் 100 நானோமீட்டர் அளவுள்ளது. தலைமுடியின் தடிமனோ ஏறக்குறைய 80,000 நானோமீட்டர். இத்தனை சிறியது உள்ளே போய்விடாதா என்று நீங்கள் பயப்படுவது நியாயம்தான். ஆனால் தோலின் மேலடுக்கு, இறந்த செல்கள் நெருக்கமாக அடுக்கிய சுவர். துகள்கள் அங்கேயே தங்கி, செல்கள் உதிரும்போது கூடவே உதிர்கின்றன என்றுதான் பெரும்பாலான ஆய்வுகள் சொல்கின்றன. சிராய்ப்பு, புண் இருக்கும் இடத்தில் மட்டும் தடவாதீர்கள்.

ஸ்ப்ரே அடித்தால் துகள் மூச்சோடு நுரையீரலுக்குப் போகலாம். நுரையீரலுக்கு அந்தச் சுவர் கிடையாது. காற்றுக்கும் இரத்தத்துக்கும் நடுவே பல இடங்களில் ஒரு மைக்ரோமீட்டர்கூட (1,000 நானோமீட்டர்) இல்லாத சவ்வுதான்.

ஆய்வுக்கூடத்தில் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற இந்த வெள்ளைப் பொடியோடு பன்னிரண்டு வருடம் இருந்திருக்கிறேன். மூடியைத் திறந்தால் புகைபோல எழும்பும்; சட்டென்று படியாது, ஜன்னல் வெளிச்சத்தில் மிதந்துகொண்டே இருக்கும். காற்றை உறிஞ்சி வெளியேற்றும் ஃப்யூம் ஹுட் என்ற பெட்டிக்குள் மட்டும்தான் திறப்போம். சிந்தியதை ஈரத்துணியால் துடைப்போம். புதிதாக வந்த மாணவி ஒருத்தி துடைப்பத்தை எடுத்தபோது நான் போட்ட சத்தம் இன்னும் நினைவிருக்கிறது. அதே பொடியை எண்ணெயில் குழைத்துவிட்டால் கையுறையில் ஒட்டிக்கொண்டு கிடக்கும், எழும்பவே எழும்பாது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியும் இப்படித்தான். சன்ஸ்கிரீனில் 25 சதவீதம் வரை நானோ வடிவத்துக்கு அனுமதி உண்டு. மூச்சோடு நுரையீரலுக்குப் போகக்கூடிய ஸ்ப்ரேக்கு இல்லை. சாப்பிடும் பொருளில் வெண்மைக்காகச் சேர்ப்பதை 2022-ல் அங்கே தடை செய்துவிட்டார்கள்.

காலுறை விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-ல் இப்படிப்பட்ட காலுறைகளை அலசிப் பார்த்தார்கள்; சிலவற்றில் நான்கே அலசலில் ஏறக்குறைய முழு வெள்ளியும் தண்ணீரோடு போய்விட்டது. வெள்ளியிலிருந்து நீரில் கரையும் அயனி (மின்னூட்டம் உள்ள வெள்ளி அணு), கிருமியைக் கொல்வதுபோலவே நீரில் வாழும் சிற்றுயிர்களையும் மீன்களையும் தாக்கும். சுத்திகரிப்பு நிலையத்தைத் தாண்டி வரும் நீரில் வெள்ளியின் பெரும்பகுதி சில்வர் சல்ஃபைடாக மாறி வீரியம் குறைந்துவிடும். கழிவுநீர் நேராக ஆற்றில் விழும் இடத்தில் அந்தத் தடுப்பும் இல்லை. கால் வாடைக்குத் தினமும் துவைத்த பருத்திக் காலுறையே போதும். இதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.