சிவப்புப் புள்ளிகளைப் படித்தால் சோறு கிடைக்குமா?

அக்கா, சாதாரணதரப் பெறுபேறு நன்றாக வந்தும் வீட்டில் யாருக்கும் சந்தோசம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். களுவாஞ்சிக்குடியில் சொந்தக்காரர் எல்லாரும் பயோ என்று நிற்க, மகள் கணிதப் பிரிவு எடுத்துத் தூரத்து விண்மீன் திரள்களை ஆராயப்போகிறேன் என்கிறாள், அதுதானே?

அவள் சொல்வது லேசான விசயம் இல்லை. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2022இல் வேலை தொடங்கியதும் அதன் படங்களில் வழக்கத்துக்கு மாறாகச் சிவந்த குட்டிப் புள்ளிகள் தெரிந்தன. பிரபஞ்சத்துக்கு ஏறக்குறைய நூறு கோடி வயதாக இருந்தபோது கிளம்பிய ஒளி. தூசி மறைப்பதால் சிவப்பா, வயசான விண்மீன்களா, நடுவில் கருந்துளையா என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, ஒளியை வானவில் மாதிரி நிறம் நிறமாக, அதாவது நிறமாலையாகப் பிரிக்கவேண்டும். ஐதரசன் வாயு ஒளிரும்போது நிறமாலையில் ஒரு கோடு விழும். ஆய்வுகூடத்தில் 656 நனோமீற்றர் அலைநீளத்தில் விழும் அந்தக் கோடு, பிரபஞ்சம் விரிந்ததில் ஆறு மடங்கு நீண்டு 3.9 மைக்ரோமீற்றரில், அதாவது செங்கீழ்க் கதிரில் வந்து நிற்கும். அந்தக் கோடு அகலமாக இருந்தால் வாயு வேகமாகச் சுழல்கிறது என்று எடுக்கலாம். பல புள்ளிகளில் அந்த வேகம் விநாடிக்கு ஆயிரம் கிலோமீற்றருக்கும் மேல், வாயுவை அப்படிச் சுழற்றுவது கருந்துளைதான் என்கிறார்கள் பலர். ஆனால் வாயுவை விழுங்கும் கருந்துளையிடம் எதிர்பார்க்கும் எக்ஸ் கதிர் பெரும்பாலானவற்றில் இல்லை. வழக்கு இன்னும் முடியவில்லை, பிள்ளைக்கு அதுதான் பிடித்திருக்கிறது போல.

சரி, சோறு. இலங்கையில் இந்தப் பெயரில் உத்தியோகம் மிகக் குறைவு, மறைக்க மாட்டேன். ஆனால் இதில் முக்கால்வாசி வேலை கணினிக்கு முன்னால் இருந்து, பைதன் என்ற கணினி மொழியில் நிரல் எழுதி, இரைச்சலுக்குள் கிடக்கும் கோட்டைப் பிரித்தெடுப்பது. அது கைவந்தவரை வங்கியும் மென்பொருள் கம்பனியும் எடுக்கும்.

இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் எடுக்கட்டும். பிறகு வந்தாறுமூலை விஞ்ஞான பீடமோ சம்மாந்துறையில் பிரயோக விஞ்ஞான பீடமோ கிடைத்தாலும் தொடங்கலாம், கொழும்பு, பேராதனைதான் வேண்டும் என்று அழவேண்டாம்.

ஒரு சோதனை சொல்கிறேன். வெப் தரவுகளில் பெரும்பகுதி இணையத்தில் இலவசம். வகுப்புத் தொடங்க முதல் ஒரு நிறமாலையை இறக்கி, கோட்டின் அகலத்தை அவளே அளந்து பார்க்கட்டும். அழகான படங்கள்தான் ஆசை என்றால் இரண்டு நாளில் சலித்துவிடும், அப்போது பிரிவைப் பற்றித் திரும்பப் பேசலாம்.

கலாநிதிப் பட்டத்துக்கு வெளிநாடு போகவேண்டி வரும். பௌதிகவியலில் நல்ல இடங்கள் கட்டணத்தைத் தள்ளி, மாதப் படியும் தரும். ஏஜென்சிக்காரர் யாராவது லட்சக்கணக்கில் கேட்டால் வளவை ஈடு வைத்துவிடாதீர்கள் அக்கா.